வீட்டில் இல்லை, வேலையில் இருக்கிறேன்

ஜூன் 2, திங்கள்

காலை பூஜை முடிந்ததும் கூடத்தில் இருந்தவர்கள்: நான், அவர், மகன் ஷண்முகவேல், பெட்டி கொண்டுவந்த கூரியர் தம்பி. தம்பி வாசற்படியோடு நின்றுகொண்டார். பக்கத்து வீட்டுச் செண்பகம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவளைச் சேர்க்கவில்லை.

பெட்டிக்குள் காதில் மாட்டுகிற ஹெட்போன், ஒரு மவுஸ், கழுத்தில் தொங்கவிடுகிற அட்டை. அட்டையில் 'கு. சங்கரவடிவு, யாத்திரை ஆலோசகர்' என்று போட்டிருந்தது. எல்லாவற்றையும் உச்சிமாகாளி அம்மாள் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டேன்.

"ஹெட்போனுக்குமா பொட்டு?" என்றார் அவர்.

"உங்க கடை கல்லாப்பெட்டிக்கு வைக்கலயா?" என்றேன். அவருக்குத் தென்காசியில் பெயிண்ட் கடை.

மதுரையில் இருக்கிற அருணோதயா யாத்திரை என்கிற கம்பெனியில் எனக்கு வேலை. நவக்கிரகம், அறுபடை வீடு, காசி, ராமேஸ்வரம் என்று பஸ் விடுகிறார்கள். போன் செய்கிறவர்களுக்கு எந்தப் பஸ், எந்தக் கோயில் எப்போது நடை திறக்கும், வயசானவர்கள் படி ஏற முடியுமா என்று நான் சொல்ல வேண்டும். சொன்னதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நான் எட்டாவதுதான். ஆனால் போன கோயிலில் எல்லாம் தலபுராணம் வாங்கி வரி விடாமல் படித்திருக்கிறேன். கம்ப்யூட்டர், ஷண்முகத்தின் பழைய லேப்டாப்பில் நானாகப் பழகியது. ஆகஸ்ட் முடிய சோதனைக் காலம்.

வேலை வீட்டிலிருந்துதான். அவருக்கு அதுதான் பிடித்திருந்தது. "நீ வீட்லதான இருக்கப் போற, பின்ன என்ன" என்றார்.

இன்றைய செலவு: பால், பூ, வெண்டைக்காய், ஹெட்போனுக்குக் குங்குமம். கடைசியில் சொன்னது வரவு செலவில் வராது.

ஜூன் 4, புதன்

அடுக்களையை ஒட்டிய மேஜையில் என் ஆபீஸ். ஷண்முகம் அவனுடைய அறையில், ஏசி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். அதற்கும் வீட்டிலிருந்து வேலை என்றுதான் பெயர்.

சேலத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். காசிக்குப் போக வேண்டும், பாவம், மூட்டு வலி. "தங்குற எடம் எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் துண்டோடு வந்து நின்று, "வடிவு, நீலச் சட்டை எங்க?" என்றார். கையால் காட்டினேன். "கையால சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று சத்தம் போட்டார்.

"பீரோவுல ரெண்டாவது தட்டு" என்று சொல்லிவிட்டேன்.

சேலத்து அம்மா, "அவ்வளவு சின்ன ரூமா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கு டிக்கெட் பதிந்தாயிற்று. அம்மாள் துணை.

ஜூன் 9, திங்கள்

ஷண்முகத்தின் கதவை இன்று இரண்டு முறை தட்டினேன், காபிக்கும் வடைக்கும். என் கதவை யாரும் தட்டவில்லை. அடுக்களைக்குக் கதவு கிடையாது.

ஜூன் 13, வெள்ளி

சாயந்திரம் மேற்பார்வையாளர் தாட்சாயணி மதுரையிலிருந்து பேசினாள். சின்னப் பெண், என்னை அக்கா என்பாள். நாம் பேசுவதெல்லாம் அங்கே பதிவாகிறது, அவள் கேட்டுப் பார்க்கிறாள்.

"வடிவுக்கா, நீங்க நல்லாப் பேசுறீங்க. ஆனா உங்க வீடும் கூடவே பேசுதுக்கா."

"என்ன பேசுது?"

"குக்கர் பேசுது. கேஸ்காரர் பேசுறாரு. ஒரு அம்மா வந்து கருவேப்பிலை கேக்குறாங்க. இன்னைக்கு ஒருத்தர் நடுவுல வந்து 'மோட்டார் போட்டியா'ன்னு கேட்டாரு."

"அது எங்க வீட்டுக்காரங்க."

"தெரியுதுக்கா. வாடிக்கையாளருக்கும் தெரியுது. இதே மாதிரி போனா மேலிடத்துல உங்களுக்காக என்னால பேச முடியாது. உங்கள விட்டுற மனசில்ல, ஏதாவது செய்ங்க."

குக்கரைக் காலை வேலைக்கு முன்பே வைத்துவிடுவது என்று முடிவு. கருவேப்பிலையை ஒரு கிண்ணத்தில் வாசல் திண்டு மேல் வைத்துவிட்டேன். செண்பகம் வந்தால் எடுத்துக்கொள்ளட்டும். மோட்டாருக்குத்தான் வழி தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

ஷண்முகம் நாலைந்து நாள் பெங்களூருக்குப் போயிருக்கிறான். அவன் அறையில் உட்கார்ந்தேன். கதவு இருக்கிறது, சாத்தினேன். நல்ல மேஜை. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மாளுக்கு ஒரு நெய் விளக்கு நேர்ந்துகொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

சரியாகவில்லை. ஷண்முகம் கதவைச் சாத்தினால் வேலையாக இருக்கிறான் என்கிறார்கள். நான் சாத்தினால் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள். செண்பகம் சுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவர் சாப்பாட்டுக்கு வந்தவர் கதவைத் திறந்து, "ஒரு நிமிசம்தான்" என்று சொல்லி மின்சார பில், கல்யாண மொய், தண்ணீர்க்காரன் எல்லாவற்றையும் பேசி முடித்தார். தேனியிலிருந்து பேசியவர் வைத்துவிட்டார்.

நெய் விளக்கை ஏற்றிவிட்டேன். நேர்ந்தது நேர்ந்ததுதான்.

ஜூன் 22, ஞாயிறு

ஷண்முகம் வந்தான். முகம் சரியில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"வீட்ல இருந்து பாக்கச் சொன்னவங்க ஏம்ல இப்பம் கூப்புடுதாங்க?"

"அதாம்மா வீட்ல இருந்து வேலை பாக்குறது. ஆபீஸ்னு ஒண்ணு அங்க இருக்கு, நம்ம நாற்காலி அங்க இருக்கு. ஏதோ காரணத்துக்கு நம்மள வீட்ல விட்டு வச்சிருக்கான். காரணம் முடிஞ்சா கூப்புடுவான். ரிமோட்னா அது வேற."

"அது என்ன வேற? ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்லம்மா. ரிமோட்னா ஆபீஸுக்கு வான்னு கூப்புடுற பேச்சே கிடையாது. நம்ம எங்க உக்காருதோமோ அதுதான் ஆபீஸ். மலையில உக்காரலாம், டீக்கடையில உக்காரலாம். நெட்டு இருந்தா போதும்."

தோசையைத் திருப்ப மறந்துவிட்டேன். "அப்போ வீட்டுலதான் உக்காரணும்னு இல்லையா?"

"வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. தோசை கருகுது."

அவரும் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டுக்கும் என்னல வித்தியாசம், சம்பளம் ஒண்ணுதான" என்றார்.

வீட்டில்தான் உட்கார வேண்டும் என்று இல்லை. இதை மட்டும் தனியாக எழுதி வைக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலையிலேயே சமைத்து ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு தெருக்கோடி உச்சிமாகாளி அம்மன் கோயிலுக்குப் போனேன். முன்மண்டபத்தில் காற்று நன்றாக வரும், பகலில் ஆள் இருக்காது. பூசாரி வேலாயுதம் அண்ணாச்சியிடம் முதலில் உத்தரவு கேட்டேன்.

"அம்மாளுக்கு இடைஞ்சலா இருக்குமா அண்ணாச்சி?"

"தேங்கா ஒடைக்கதும் இடைஞ்சல் இல்ல, கெடா வெட்டுததும் இடைஞ்சல் இல்ல. நீ காசிக்கு வழி சொல்லுதது மட்டும் இடைஞ்சலாக்கும்? உக்காரு தங்கச்சி."

காட்டன் சேலையை மடிப்பு எடுத்துக் கட்டியிருந்தேன், கோயிலுக்குப் போவதால். அட்டையையும் கழுத்தில் போட்டிருந்தேன், தொலைந்துவிடக் கூடாது என்பதால்.

ஒரு சத்தம் இல்லை. பேசி முடித்து வைத்தால் அடுத்த போன் வரும்வரை நான் சும்மா இருந்தேன். வேலை நேரத்தில் சும்மா இருப்பது இப்படி இருக்கும் என்று தெரியாது. திரும்பும்போது மேலத்தெருவைச் சுற்றி வந்தேன், வெயில் தாழட்டும் என்று.

ஜூன் 27, வெள்ளி

ஒரு தவறு செய்துவிட்டேன். தவறு என்று சொல்வதா என்றும் தெரியவில்லை.

உச்சிகால பூஜை நேரத்தில் போனை நிறுத்தி வைக்க மறந்துவிட்டேன். திருப்பூரிலிருந்து ஒருவர் திருநள்ளாறு போவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மின்சார மேளத்தைத் தட்டிவிட்டார். மேளமும் மணியும் சேர்ந்து மண்டபமே அதிர்ந்தது. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன், சத்தம் போடுவது நான் இல்லை என்றாலும்.

அடங்கியதும் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் அவர் குரல் மாறியிருந்தது.

"அம்மா, நீங்க கோயில்லயா இருக்கறீங்க?"

"ஆமாங்க. மன்னிக்கணும்."

"என்னங்கம்மா மன்னிப்பு. ஏனுங்க, ஒரு அர்ச்சனை பண்ணிருங்கம்மா. புள்ள பேரு கீர்த்தனா, உத்திராடம், மகர ராசி. வரன் அமையவே மாட்டேங்குதுங்க."

பெயரும் நட்சத்திரமும் காதில் விழுந்த பிறகு எப்படிச் செய்யாமல் இருப்பது? தட்டு வாங்கி அர்ச்சனை செய்தேன். என் கைச்செலவில் எழுதிக்கொண்டேன், கம்பெனிக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

திருப்பூரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. 'கோயில்ல இருந்து பேசுற அக்கா' வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். பூஜைக்கு முன்னால் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுக்கிறேன். இன்று அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, வரிசையா உத்திராடமா வருது? அம்மாளுக்கே தலை சுத்தப் போவுது" என்றார்.

வீட்டில் அவர் ஹாட்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாதம் சூடாகத்தான் இருந்தது. ஆனால் பரிமாற ஆள் இல்லை என்று ரசம் ஊற்றிக்கொள்ளாமலே சாப்பிட்டிருக்கிறார்.

"ரசம் ஓரமா இருந்துச்சே."

"இருந்துச்சு. நீ இல்லையே."

"நான் வேலையில இருந்தேன்."

"வீட்லதான வேலைன்னு சொன்ன?"

"வீட்ல இருந்தா வேலை இல்லன்னு ஆயிருதுல்லா."

ராத்திரி ரசம் இரண்டு முறை ஊற்றினேன்.

ஜூலை 8, செவ்வாய்

தாட்சாயணி பேசினாள். முதலாளிக்கு ஒரு யோசனையாம். நான் போன் எடுத்தவுடன், 'நான் இப்போது அம்மன் சன்னதியிலிருந்து பேசுகிறேன்' என்று சொல்ல வேண்டுமாம். புக்கிங் கூடும் என்றாராம்.

"பூஜை நேரத்துல மணி அடிக்கும். அடிச்சா கேக்கும். அதுக்கு மேல அம்மாள நான் எதுக்கும் கூப்புட மாட்டேம்மா" என்றேன்.

"நானும் அதான் சொன்னேன்க்கா. நீங்க சொன்னதாவே சொல்லிர்றேன்."

"சொல்லு. என் பேரச் சொல்லியே சொல்லு."

வேலை போய்விடுமோ என்று யோசிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

ஜூலை 14, திங்கள்

முதலாளி அந்த யோசனையை விட்டுவிட்டார். ஆனால் இன்று கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் ஷண்முகத்துக்கு அனுப்பி, போனில் வாசிக்கச் சொன்னேன்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களை ஆகஸ்டோடு நிறுத்துகிறார்கள். வேண்டியவர்கள் மதுரை ஆபீசுக்கு வரலாம். நன்றாகப் பேசுகிற சில பேரை மட்டும் நிரந்தரமாக ரிமோட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. சத்தம் இல்லாத, கதவு உள்ள ஒரு நிலையான இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். ஜூலை 31க்குள் கடிதம் சேராவிட்டால் என் வேலை அடுத்தவருக்கு.

மதுரைக்குத் தினம் போய்வர முடியாது. அதனால் கடிதம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

"வீட்டு அட்ரஸக் குடு" என்றார் அவர்.

"வீட்ல நான் பேசுனத அவங்க கேட்டுட்டாங்க. மோட்டார் வரைக்கும் கேட்டுட்டாங்க."

"மாடிக்குப் போயி உக்காரு."

"மாடிக்கும் செண்பகம் வருவா. நீங்களும் வருவீங்க. நம்ம வீட்ல எடத்துக்குக் கொறையில்ல. நான் வேலையில இருக்கேன்னு நெனைக்கத்தான் ஆளில்ல."

"அப்போ எங்கன உக்காரப் போற?"

"கோயில்ல பூஜைச் சாமான் அறை இருக்கே. அத ஒதுங்க வச்சா ஒரு மேஜை போடலாம். நீங்க செயலாளர்தான, சம்மதக் கடிதம் குடுத்தாப் போதும்."

அவர் கோயில் கமிட்டிச் செயலாளர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாக்கலாம்" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கோயிலில் ரேடியோ செட் கட்டிவிட்டார்கள். மண்டபத்தில் உட்கார்ந்து பேசவே முடியவில்லை. பாட்டு காதுக்குள் இறங்குகிறது, கடலூர்க்காரர் வைத்தே விட்டார். கும்பிடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆடியில் அம்மாள் வீட்டில் சத்தம் இருக்கத்தான் வேண்டும்.

என் முகத்தைப் பார்த்து அண்ணாச்சியே சாமான் அறையைத் திறந்துவிட்டார். குடை, குத்துவிளக்கு, தீச்சட்டி எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். கல் சுவர். கதவைச் சாத்தினால் பாட்டு எங்கேயோ அடுத்த ஊரில் கேட்கிற மாதிரி இருக்கிறது. தாட்சாயணியிடம் பேசிப் பார்த்தேன். "எங்கக்கா இருக்கீங்க, இவ்வளவு அமைதியா?" என்றாள்.

"இன்னைக்கு ஒருநாள் நான் தொறந்துட்டேன் தங்கச்சி. தெனம்னா செயலாளர் சொல்லணும்" என்றார் அண்ணாச்சி. செயலாளர் யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ராத்திரி சாப்பாட்டில் மறுபடி கேட்டேன். "பாக்கலாம்னு சொன்னேம்லா" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

கண்காணிப்பு கேமரா ஓடுகிறதா என்று பார்க்க அவர் நடுப்பகலில் கோயிலுக்கு வந்தார். கேமரா வாசலில் இருக்கிறது. அவர் என் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். பாட்டு ஓய்ந்திருந்த நேரம், போனில் ஒருவரிடம் நவக்கிரகக் கோயில்களை எந்த வரிசையில் போனால் ஒரே நாளில் முடியும், எங்கே சாப்பாடு, எங்கே கழிப்பறை நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் முடிக்கும்வரை தூண் நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "நீ அங்கெல்லாம் போனதே இல்லையே, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"போவணும்னுதான் படிச்சு வச்சேன். நீங்க ஒருநாளும் கடையச் சாத்தலயே."

கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

"சரி, அறை?" என்றேன்.

"ஊர்ல என்ன நெனைப்பாவ வடிவு? செயலாளர் பொண்டாட்டிக்குன்னு கோயில் ரூமத் தொறந்துவிட்டுட்டான்னு சொல்லுவாவ. எனக்கு மட்டும்னா நாளைக்கே சாவியத் தருவேன். பாக்கலாம்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெண்டாட்டி கேட்டுப் புருஷன் கொடுத்தால் அப்படித்தான் பேசுவார்கள். இதை இரவெல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தெளிவாகிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

கமிட்டிக் கூட்டத்தில் அவர் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கொண்டுவருவதை கூட்டப் பதிவேட்டில் அழகாக எழுதிவைப்பது நான்தான். பல வருஷமாக எழுதுகிறேன். போன வருஷம் பந்தல்காரர் கேட்டதற்கு மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் இழுத்து, அது பெரிய சண்டையானது. அதன் பிறகு ஒரு தீர்மானம் போட்டார்கள். யார் மனு கொடுத்தாலும் அதை அம்மன் முன்னால் நின்று செயலாளர் வாசிக்க வேண்டும். அன்றைக்கே ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். பார்க்கலாம் என்று எழுதக் கூடாது. தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். எழுதியது என் கை.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

இன்று காலை குளித்து, விளக்கேற்றி, வெள்ளைத்தாளில் எழுதினேன். இதுவரை எந்த மனுவிலும் என் பெயருக்குப் பின்னால் இன்னார் மனைவி என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்று அட்டையில் இருக்கிற மாதிரி எழுதினேன். வீட்டில் கொடுக்கவில்லை. கடைக்குப் போய், ஆட்கள் இருக்கும்போது, கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று கொடுத்தேன்.

"என்னது இது?"

"மனு."

"யாருக்கு?"

"செயலாளருக்கு."

அங்கேயே பிரித்து வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ப்ரைமர் வாங்க வந்தவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெறப்பட்டதுன்னு கையெழுத்துப் போட்டுத் தாங்க, செயலாளரே" என்றேன்.

போட்டுக் கொடுத்தார். மனுவின் நகல் இது:

செயலாளர் அவர்களுக்கு,
உச்சிமாகாளி அம்மன் கோயில் கமிட்டி.

ஐயா,

நான் யாத்திரை ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என் வேலை வீட்டில் நடக்கவில்லை. வீடு நல்ல வீடு, அதில் குறை இல்லை. வீட்டில் இருந்தால் நான் வீட்டுக்காரியாக மட்டும் இருக்கிறேன். அதனால் கோயில் பூஜைச் சாமான் அறையைப் பகல் வேலை நேரத்துக்கு எனக்கு வாடகைக்கு விடும்படி கேட்கிறேன். வாடகையைக் கமிட்டி முடிவு செய்யட்டும், மாதப் பிறப்பில் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்வேன். இன்டர்நெட் என் சொந்த இணைப்பு. சாமான்களைத் துடைத்து அடுக்கி வைக்கும் பொறுப்பும் என்னுடையது. உச்சிகால பூஜை நேரத்தில் போன் எடுக்க மாட்டேன். அம்மாள் பெயரைச் சொல்லி எதையும் விற்க மாட்டேன்.

வேறு யாராவது இதே அறையை வேலைக்குக் கேட்டால் அவர்களையும் என்னையும் ஒரே மாதிரி பார்க்கவும். நான் யார் வீட்டுக்காரி என்பதற்காகக் கொடுக்க வேண்டாம், அதற்காக மறுக்கவும் வேண்டாம்.

என் கம்பெனிக்குச் சம்மதக் கடிதம் வரும் வியாழக்கிழமைக்குள் சேர வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே ஆம் அல்லது இல்லை என்று எனக்குப் பதில் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கு. சங்கரவடிவு,
யாத்திரை ஆலோசகர்.